‘டாப்சிலிப்’ சொல்லும் வாய்க்கு ஆங்கிலம் வராதா?

சின்னப் பிள்ளைகளின் டியூசன்: பெற்றோர் யோசிக்க வேண்டிய விஷயம்

பொள்ளாச்சியிலிருந்து வந்த பஸ் ஆனைமலையில் நிற்கிறது. பஸ்ஸின் நெற்றியில் ஒரு பலகை. அதில் கொட்டை எழுத்தில் ஓர் ஊரின் பெயர்.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆறு வயதுச் சிறுவன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்.

“டா... ப்... சி... லி... ப். டாப்சிலிப்!”

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அதே நாள். மாலை 6 மணி. அதே சிறுவன் டியூசனில் உட்கார்ந்திருக்கிறான். முன்னால் ஆங்கிலப் புத்தகம். “படி” என்கிறாள் டியூசன் அக்கா. பையன் வாய் திறக்கவில்லை. “படிடா” என்று குரல் உயர்கிறது. பையன் தலை கவிழ்கிறது. பொட்டென்று ஒரு சொட்டுக் கண்ணீர் புத்தகத்தில் விழுகிறது.

“இவனுக்கு இங்கிலீஷே வராது” என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது!

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. ஆனைமலையில், கோட்டூரில், வேட்டைக்காரன்புதூரில், தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் நடக்கும் கதை.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காலையில் அந்தப் பையன் சொன்னது என்ன? இரண்டு ஆங்கில வார்த்தைகள்! ‘டாப்’ என்றால் உச்சி. ‘சிலிப்’ என்றால் சறுக்கல். வெள்ளைக்காரர் காலத்தில் ஆனைமலைக் காட்டில் தேக்கு மரங்களை வெட்டினார்கள். மலை உச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் சறுக்கிவிட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். அதனால் அந்த இடத்துக்கு அந்தப் பெயர் வந்தது.

காலையில் சிரித்துக்கொண்டே ஆங்கிலம் சொன்ன வாய், மாலையில் பூட்டிக்கொண்டது ஏன்?

பூட்டு குழந்தையிடம் இல்லை. சொல்லிக் கொடுக்கும் முறையில் இருக்கிறது.

ஆசை தப்பு அல்ல

“என்ற புள்ளைக்கு இங்கிலீசு வந்தாப் போதுமுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க.”

கயிறு ஆலையில் நார் பிரிக்கும் தாய் இப்படித்தான் சொல்கிறாள். தென்னந்தோப்பில் மட்டை உரிக்கும் தகப்பனும் இதையே சொல்கிறார். வாரக் கூலியில் டியூசன் பணத்தைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள்.

இந்த ஆசையைக் கேலி செய்வது பாவம்.

அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பையன் கோயமுத்தூர்க் காலேஜில் சேருகிறான். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கிறது. பையனுக்குப் புரியவில்லை. கேட்க வெட்கம். கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறான். கெட்டிக்காரப் பையன், மக்குப் பையன் என்று பெயர் வாங்குகிறான்.

‘அந்தக் கதி நம் பிள்ளைக்கு வரக்கூடாது’ என்று பெற்றோர் நினைப்பது நியாயம்தான்.

ஆனால், அந்தக் காலேஜ் பையனுக்கு இல்லாமல் போனது எது? நோட்டுப் புத்தகமா? பல நோட்டுகளை எழுதி நிரப்பியவன் அவன். கேள்வி பதிலை மனப்பாடம் செய்தவன். அவனிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. ஆங்கிலத்தில் வாய் திறந்து பேசும் தைரியம்!

ஆறு வயதில் வாயைப் பூட்டிவிட்டு, பதினெட்டு வயதில் சாவியைத் தேடினால் கிடைக்குமா?

காது, வாய், கண், கை

குழந்தை தமிழ் கற்றது எப்படி? யோசித்துப் பாருங்கள்.

முதலில் கேட்டது. தாலாட்டைக் கேட்டது. “கண்ணு, சாமி” என்று கொஞ்சுவதைக் கேட்டது. ஒரு வருஷம் வெறுமனே கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் அதைத் திட்டவில்லை.

பிறகு பேசியது. “அம்மா தண்ணி” என்று அரைகுறையாகச் சொன்னது. “இலக்கணம் தப்பு” என்று யாரும் தலையில் குட்டவில்லை. ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்கள்!

அதற்குப் பிறகுதான் எழுத்தைப் பார்த்தது. கடைசியில்தான் எழுதியது.

முதலில் காது. அடுத்து வாய். அடுத்து கண். கடைசியில் கை. மொழி ஏறும் படி இதுதான்.

பல டியூசன்களில் என்ன நடக்கிறது? முதல் நாளே கையில் பென்சில்! பார்த்து எழுது, பத்துத் தடவை எழுது, பக்கம் நிறைய எழுது. குழந்தை எழுதுகிறது. என்ன எழுதுகிறோம் என்று அதற்குத் தெரியாது. கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவது போல, எழுத்தைப் பார்த்து எழுத்தைப் போடுகிறது.

நோட்டு நிறைகிறது. அம்மா மனம் குளிர்கிறது. குழந்தையின் காதும் வாயும் காலியாகவே இருக்கின்றன.

மூன்று ‘பேட்’

டியூசன் நோட்டுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. ஆங்கில வார்த்தைக்குப் பக்கத்தில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள். உதவி என்றுதான் செய்கிறார்கள். இதில் ஒரு தொல்லை இருக்கிறது.

கிரிக்கெட் மட்டைக்கு ஆங்கிலத்தில் ‘பேட்’. கெட்டது என்பதற்கும் ‘பேட்’. பரீட்சை எழுத வைத்துக்கொள்ளும் அட்டைக்கும் ‘பேட்’. தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்று. ஆங்கிலக்காரர் காதுக்கு மூன்றும் வேறு வேறு! உதடு ஒட்டும் விதம் வேறு. கடைசி ஒலி முடியும் விதம் வேறு.

இந்த வித்தியாசத்தைத் தாளில் எழுதிக் காட்ட முடியாது. வாயால் சொல்லித்தான் காட்ட முடியும். காதால் கேட்டுத்தான் பிடிக்க முடியும்.

இன்னொரு சங்கடம். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. ‘அ’ என்ற எழுத்தின் பெயர் ‘அ’. ‘ம’ என்ற எழுத்தின் பெயர் ‘ம’. எழுத்துத் தெரிந்தால் படித்துவிடலாம்.

ஆங்கிலத்தில் அப்படி இல்லை. பூனைக்கு ‘சி-ஏ-டி’ என்று எழுத்துக் கூட்டுகிறார்கள். வேகமாகச் சேர்த்துச் சொன்னால் ‘சியேட்டீ’ என்றுதான் வரும். ‘கேட்’ எப்படி வரும்? குழந்தை திகைக்கிறது. அந்தத் திகைப்பு மக்குத்தனம் அல்ல. புத்தி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்!

‘சி-யு-டி’ என்றால் ‘கட்’. ‘பி-யு-டி’ என்றால் ‘புட்’. நடுவில் இருப்பது அதே ‘யு’தான். ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் இன்னொரு மாதிரி.

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26தான். ஒலிகளோ சுமார் 44. இருபத்தாறு பேரை வைத்துக்கொண்டு நாற்பத்து நான்கு பேர் வேலையைச் செய்கிறார்கள். ஒருவரே இரண்டு மூன்று வேஷம் கட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே, எழுத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது. அந்த எழுத்து வார்த்தைக்குள் போய் என்ன ஒலி எழுப்புகிறது என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தமிழ்க் குழந்தைக்கு இது அடியோடு புதிதும் அல்ல. ‘காக்கை’, ‘தங்கம்’, ‘பகல்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் எழுத்து ஒரே ‘க’ வரிசைதான். ஒலி ஒன்றாகவா இருக்கிறது? இடத்துக்குத் தகுந்தபடி மாறுகிறது அல்லவா? “அதைப் போலத்தான் இதுவும்” என்று சொன்னால் குழந்தை பளிச்சென்று புரிந்துகொள்ளும்.

தமிழ் எதிரி அல்ல

சில வீடுகளில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ‘ஆங்கிலம் வர வேண்டுமானால் தமிழை மறக்க வேண்டும்’ என்று நினைக்கிறார்கள். டியூசனில் தமிழ் பேசக்கூடாது என்று தடை போடுகிறார்கள்.

இது நேர்மாறான யோசனை.

ஐக்கிய நாடுகளின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ, 1953-ஆம் ஆண்டிலேயே ஓர் அறிக்கை வெளியிட்டது. குழந்தைக்குப் பாடம் தொடங்கச் சிறந்த மொழி அதன் தாய்மொழியே என்று அந்த அறிக்கை கூறியது. கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ், 1979-இல் இன்னொரு கருத்தை எடுத்துச் சொன்னார். ஒரு மொழியில் படிக்கும் திறமை நன்றாக வேரூன்றினால், அது அடுத்த மொழிக்கும் உதவும் என்பது அவர் கருத்து.

இதை ஆனைமலைக்காரருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரு மரம் ஏறப் பழகியவன், இன்னொரு மரத்தைக் கண்டு அஞ்சமாட்டான்.

எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு உண்டு என்பது, எழுத்தைக் கூட்டினால் வார்த்தை வரும் என்பது, வார்த்தைக்குள் ஒரு பொருள் இருக்கிறது என்பது—இவற்றைக் குழந்தை ஒரு தடவைதான் கண்டுபிடிக்கிறது. தெரிந்த மொழியில் கண்டுபிடித்தால் ஆனந்தம். தெரியாத மொழியில் கண்டுபிடிக்கச் சொன்னால் அவஸ்தை.

பஸ் பலகையைப் படித்த பையன் தமிழ் எழுத்தில்தான் படித்தான். அந்தத் தமிழ்தான் அவனை ‘டாப்சிலிப்’ வரை ஏற்றிவிட்டது!

ஆகவே, தமிழ் வாசிக்கத் திணறும் குழந்தையை ஆங்கில டியூசனுக்கு அனுப்புவதில் பயன் குறைவு. முதலில் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டும். கூடவே ஆங்கிலத்தைக் காதுக்கும் வாய்க்கும் கொடுக்க வேண்டும்.

ஆனைமலையின் மேலே போனால் இந்த விஷயம் இன்னும் பெரிதாகிறது. காடர், முதுவர் போன்ற மலைமக்களின் குழந்தைகள் வீட்டில் தங்கள் மொழியைப் பேசுகிறார்கள். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் வடமாநிலத் தொழிலாளர் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடத் தமிழே இரண்டாவது மொழி. ஆங்கிலம் மூன்றாவது. அந்தக் குழந்தை ஒரு வார்த்தை சொல்லப் பத்து நாள் எடுத்தால், அது மந்தம் அல்ல. அது ஏறும் மலை உயரம்!

27 ஆயிரம் ஆசிரியர்கள்

‘வாயால் பழக்கு, பிறகு எழுது’ என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. சென்னை ராஜ்யமே ஒரு காலத்தில் பெரிய அளவில் முயன்று பார்த்த விஷயம் இது.

1960-ஐ ஒட்டிய ஆண்டுகள். அப்போது கல்வி இலாகா ஒரு பெரிய காரியத்தில் இறங்கியது. ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளில் பாடம் நடத்தும் 27 ஆயிரம் ஆசிரியர்களுக்குப் புதுமுறைப் பயிற்சி கொடுக்கத் திட்டம் போட்டார்கள். பிரிட்டிஷ் கவுன்சில் துணை நின்றது. அப்போதைய கல்வி மந்திரி யார் தெரியுமா? சி.சுப்பிரமணியம். பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் 1910-இல் பிறந்தவர்.

இருபத்தேழாயிரம் பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பாடம் சொல்ல முடியுமா? முடியாது. அதனால், முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் போய்ப் பலருக்குப் பயிற்சி. அந்தப் பலர் போய் இன்னும் பலருக்கு. கார்த்திகைத் தீபத்தன்று ஒரு விளக்கிலிருந்து வரிசையாக விளக்கு ஏற்றுவது போல! வெள்ளைக்காரர்கள் இதற்கு ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று பெயர் வைத்தார்கள். பனியில் உருட்டிவிட்ட பந்து உருள உருளப் பெரிதாகும். அதனால் அந்தப் பெயர்.

அந்த முறையின் சாரம் என்ன? இலக்கண விதிகளை ஒப்பிக்கச் சொல்வதில்லை. சின்னச் சின்ன வாக்கியங்களை எடுத்துக்கொள்வது. பொருளைக் காட்டிச் சொல்வது. பலமுறை வாயால் சொல்லிப் பழக்குவது. பழகிய பிறகு படிப்பது, எழுதுவது.

அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் டியூசன் திண்ணையில் ‘பத்துத் தடவை எழுது’தான்! விளக்குக்கு விளக்கு ஏற்றும்போது சுடர் குறைவதில்லை. மனிதருக்கு மனிதர் சொல்லும்போது விஷயம் நீர்த்துப்போகிறது. இலாகா ஆயிரம் உத்தரவு போடலாம். கடைசி விளக்கு, குழந்தைக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் கையில் இருக்கிறது.

வீடு தேடி வந்த பாடம்

2020 மார்ச் மாதம் கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மறுபடியும் திறந்தன. ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய குழந்தை, பள்ளிக்கூட வாசலையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது.

அந்த இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. படித்த பெண்களும் இளைஞர்களும் தன்னார்வலராக முன்வந்தார்கள். மாலை நேரத்தில் தங்கள் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை.

அடுத்த ஆண்டு, 2022-இல், ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. எட்டு வயதுக்குள் குழந்தை தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படையைக் கற்றிருக்க வேண்டும் என்பது நோக்கம். குழந்தைகளை ‘அரும்பு, மொட்டு, மலர்’ என்று மூன்று நிலையாகப் பிரித்தார்கள். பாட்டு, ஆட்டம், அட்டை, பொம்மை என்று பாடம் நடந்தது.

எவ்வளவு அழகான பெயர்கள்! அரும்பை யாராவது ‘நீ ஏன் இன்னும் மலரவில்லை’ என்று அடிப்பார்களா?

இந்தத் திட்டங்களிலிருந்து டியூசன் நடத்துகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். எந்த வகுப்பு என்று பார்க்காதே. எந்த நிலை என்று பார். அங்கிருந்து தொடங்கு.

அரை மணி போதும்

சரி, எப்படித்தான் சொல்லிக் கொடுப்பது?

ஆறு ஏழு வயதுக் குழந்தைக்கு, ஒரு நாளைக்கு அரை மணி நேர ஆங்கிலம் போதும். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால், அரை மணிக்குப் பிறகு உடம்பு மட்டும்தான் உட்கார்ந்திருக்கும்.

முதல் பத்து நிமிஷம்: காது. “கம் ஹியர்” என்று சொல்லி, வரச் செய்ய வேண்டும். “டச் தி டோர்” என்றால் கதவைத் தொட வேண்டும். “ஜம்ப்” என்றால் குதிக்க வேண்டும். குழந்தை பேச வேண்டியதில்லை. கேட்டு, செய்தால் போதும். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷர் என்ற மனநூல் அறிஞர் 1960-களில் இந்த முறையை ஆராய்ந்து பரப்பினார். உடம்பு அசைந்தால் வார்த்தை மனதில் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் முடிவு.

அடுத்த பத்து நிமிஷம்: வாய். வீட்டில் உள்ள பொருளை எடுத்துக் காட்டவேண்டும். “திஸ் இஸ் எ கோகனட்.” “திஸ் இஸ் எ ரோப்.” நாளைக்கு ஐந்து வார்த்தை போதும். புத்தகத்தில் உள்ள ஆப்பிளை விட, முற்றத்தில் கிடக்கும் தேங்காய் நல்ல வாத்தியார்.

கடைசிப் பத்து நிமிஷம்: கண்ணும் கையும். இன்று வாயால் சொன்ன வார்த்தையை எழுத்தில் காட்டவேண்டும். ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் தொடவேண்டும். இரண்டு மூன்று வரி எழுதினால் போதும்.

குழந்தை தப்பாகச் சொன்னால்?

“ஐ கோ ஸ்கூல்” என்கிறது குழந்தை. “தப்பு!” என்று கத்தாதீர்கள். “எஸ், யூ கோ டு ஸ்கூல்” என்று சரியாகத் திருப்பிச் சொல்லுங்கள். நாலு நாள் கேட்டால், ஐந்தாம் நாள் தானே திருத்திக்கொள்ளும்.

வார்த்தை வரிசையும் குழந்தைக்குக் குழப்பம் தரும். தமிழில் ‘நான் தேங்காய் தின்றேன்’. ஆங்கிலத்தில் ‘நான் தின்றேன் தேங்காய்’. இதை விளையாட்டாகவே சொல்லிக் காட்டலாம். தலைகீழாகப் பேசும் ஆட்டம் என்றால் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்தது மறக்காது.

அடிப்பதும் மட்டம் தட்டுவதும் எதற்கும் உதவாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கூடத்தில் குழந்தையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 17-வது பிரிவில் தடை செய்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தப்பு என்றால் டியூசன் திண்ணையில் மட்டும் சரியா?

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாதே?

“எனக்கே ஒண்ணும் தெரியாதுங்க. நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கறது?” என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள்.

ஆங்கிலம் தெரியாத தாய் மூன்று காரியம் செய்யலாம்.

ஒன்று: தினமும் கால் மணி நேரம், குழந்தை வாய்விட்டுப் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். புரியாவிட்டாலும் கேட்கலாம். குழந்தை தடுமாறுகிறதா, தடையின்றிப் போகிறதா என்று தாயின் காதுக்குத் தெரியும்.

இரண்டு: தமிழில் கதை சொல்லலாம். கதை கேட்டு வளர்ந்த குழந்தைக்குக் கதைப் புத்தகத்தில் ஆசை வரும். அந்த ஆசை எந்த மொழிப் புத்தகத்தையும் திறக்கும்.

மூன்று: குழந்தையிடம் மாணவியாகலாம்! “இன்னிக்கு என்ன படிச்சே கண்ணு? எனக்கும் சொல்லிக் குடு” என்று கேட்கலாம். சொல்லிக் கொடுக்கிறவர்தான் அதிகம் கற்றுக்கொள்கிறார்.

வீட்டில் அம்மிச்சி இருந்தால் இன்னும் வேடிக்கை.

“அம்மிச்சி, இது கோகனட். சொல்லுங்க!”

“என்னடா சாமி? கோக்க நெட்டா?”

வீடே சிரிக்கும். பேரன் பத்துத் தடவை திருத்திச் சொல்வான். எந்த டியூசனிலும் அவன் மனதாரப் பத்துத் தடவை சொன்னதில்லை!

அம்மிச்சியிடமும் ஒரு விஷயம் சொல்லலாம். அவர் திரிக்கும் கயிறு, ஆங்கிலத்துக்குப் போய் ‘காயர்’ ஆகியிருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் உள்ள வார்த்தைதான் கடல் தாண்டியது. காட்டுத் தேக்கு ‘டீக்’ ஆனது. சுருட்டு ‘செரூட்’ ஆனது. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆனது. ஆங்கிலம் நம் வீட்டில் கடன் வாங்கிய மொழி. கடன் வாங்கியவரைக் கண்டு கொடுத்தவர் நடுங்குவதா?

செல்போனும் உதவும். ஆங்கிலக் கதையையும் பாட்டையும் பத்து நிமிஷம் கேட்க வைக்கலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். போனைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனால், பத்து நிமிஷம் இரண்டு மணி ஆகும்.

டியூசன் அக்காவுக்கு ஒரு வார்த்தை

பள்ளிக்கூட ஆசிரியர்கள் தனியாக டியூசன் நடத்தக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு சொல்கிறது. அதனால் சின்னப் பிள்ளைகளின் டியூசன், பெரும்பாலும் தெருவிலுள்ள படித்த பெண்களிடம் போகிறது. பிளஸ் டூ முடித்தவர், காலேஜ் போகிறவர், கல்யாணமாகி வீட்டில் இருப்பவர்.

அவர்களுக்கு மரியாதை கொடுங்கள். சீமை உச்சரிப்பு அவர்களுக்கு வராமல் இருக்கலாம். பரவாயில்லை. பொறுமை இருந்தால் போதும். நாளைய பாடத்தை இன்றே வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும்.

ஆனால் அவர்களும் ஒரு கஷ்டத்தில் இருக்கிறார்கள். “ஏனுங்க அம்மிணி, நோட்டுல ஒண்ணுமே எழுதக் காணோமுங்க?” என்று பெற்றோர் கேட்டுவிடுகிறார்கள். பணம் கொடுப்பவர் நோட்டைக் கேட்டால், சொல்லிக் கொடுப்பவர் நோட்டைத்தான் நிரப்புவார். அங்கே தப்பு டியூசன் அக்காவுடையது அல்ல.

“பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் கேட்கிறார்களே?” என்பார்கள். வீட்டுப்பாடம் செய்யட்டும். அதற்குக் கொஞ்ச நேரம். ஆனால் டியூசன் முழுவதும் வீட்டுப்பாடமே என்றால், குழந்தை ஒரே பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாளில் இரண்டு தடவை போகிறது.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

“இன்னிக்கு அங்கே என்ன பேசினே?”

“இன்னிக்கு எதுக்குச் சிரிச்சே?”

“நீ என்ன கேள்வி கேட்டே?”

மூன்றுக்கும் பதில் வந்தால், அந்த டியூசன் நல்ல டியூசன். பதில் வராமல் குழந்தை நோட்டை எடுத்துக் காட்டினால், யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். டியூசனுக்குப் போகும் நேரம் வந்ததும் குழந்தைக்குத் தினமும் வயிற்று வலி வருகிறதா? வலி வயிற்றில் இல்லை.

விளையாட்டு நேரத்தையும் தின்றுவிடக் கூடாது. தெருவில் ஓடும் குழந்தை ‘அவுட்’ என்கிறது, ‘கேட்ச்’ என்கிறது, ‘ரன்’ என்கிறது. அங்கேயும் ஆங்கிலம்தான் நடக்கிறது! சம்பளம் இல்லாத டியூசன்!

வாய் திறந்தால் வழி திறக்கும்

ஆங்கிலம் வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. காலேஜுக்கு வேண்டும். வேலைக்கு வேண்டும். உலகத்தோடு பேச வேண்டும்.

ஆனால் அது பயத்தின் வழியாக வரவேண்டிய அவசியம் இல்லை. தமிழை மிதித்துக்கொண்டு வரவேண்டிய அவசியம் இல்லை. தாயின் கூலியைத் தின்று, குழந்தையின் சிரிப்பையும் தின்று வரவேண்டிய அவசியம் இல்லவே இல்லை.

நாளைக் காலையிலும் அந்தப் பஸ் வரும். அதன் நெற்றியில் அந்தப் பலகை இருக்கும். பையன் எழுத்துக் கூட்டிப் படிப்பான்.

அப்போது அம்மா குனிந்து கேட்கட்டும். “சாமி, டாப்னா என்ன? சிலிப்னா என்ன?”

அவனுக்குத் தெரியாவிட்டால், மாலையில் டியூசன் அக்காவைக் கேட்டுக்கொண்டு வரட்டும். வந்து, அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

அன்றைக்கு நோட்டில் ஒரு வரிகூட இருக்காது. ஆனால் அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை ஆங்கிலம் படித்திருப்பான்!